கைவேலையும் அமானிதமும்

உங்கள் வீட்டிலும் வேன் இருந்தால், இதை அதை ஓட்டுபவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஹட்டனில் வேன் வைத்திருப்பவன் நான். ஆட்களும் மரக்கறி மூட்டைகளும் ஏறினால் பின்பக்கம் தாழ்ந்துவிடும். கராஜுக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடிக்கலாமென்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே ஜாக் அடித்து, பின் ஸ்பிரிங்கில் கூடுதலாக இரண்டு பட்டைகள் போட்டேன். வேன் நிமிர்ந்து நின்றது. எனக்கும் பெருமைதான்.

அடுத்த வாரம் ராத்தாவின் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, 1,868 மீற்றர் உயரத்திலிருக்கும் நுவரெலியாவிலிருந்து இறங்கினேன். நானுஓயா தாண்டியதும் கருகல் வாசனை. பெடல் பஞ்சுபோல் அமிழ்ந்தது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுத்து, ஓரத்து மண்மேட்டில் அணைத்து நிறுத்தினேன். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் கீறலில்லை. தூங்கிய மருமகள் எழும்பக்கூட இல்லை.

கராஜ் பாஸ் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, "நானா, பட்டை போட்டீங்க. இந்தக் கம்பியப் பாக்கல்லியே?" என்றார்.

பல வேன்களில் பின் அச்சையும் ஒரு பிரேக் வால்வையும் இணைக்கும் கம்பி உண்டு. பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால், வால்வு பின் சக்கரங்களுக்குப் பிரேக் அழுத்தத்தைக் கூட்டும். உயர்ந்தால், வெறும் வண்டியென்று குறைத்துவிடும். நான் வேனை உயர்த்தியதால் பாரம் இருந்தும் பின் பிரேக் குறைந்தது. முன் பிரேக் தனியே சுமந்து சூடேறியது. டொட் 3 பிரேக் எண்ணெய் புதிதில் 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது; ஈரம் சேர்ந்தால் 140 பாகையளவிலேயே கொதிக்கக்கூடும். என் வேனில் இருந்தது பழைய எண்ணெய்.

2023 ஜனவரி 20ஆம் திகதி, அதே நானுஓயாவின் ரதல்ல குறுக்கு வீதியில் பஸ்ஸொன்று வேனிலும் ஆட்டோவிலும் மோதி ஏழு பேர் மௌத்தானார்கள். அந்த இறக்கத்தை நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது.

கைவேலை வேண்டாமென்று சொல்லவில்லை. டயர் காற்று, பிரேக் எண்ணெய் மட்டம், ஷொக் எப்சோர்பரில் எண்ணெய்க் கசிவு ஆகியவற்றை நீங்களே பாருங்கள். வண்டியின் மூலையை அழுத்திவிடுங்கள்; திரும்பத் திரும்பக் குதித்தால் ஷொக் போய்விட்டது. அப்படியானால் சக்கரம் பாதையில் சரியாகப் பதியாது. பிரேக் பிடித்தும் வண்டி தள்ளிப்போய்த்தான் நிற்கும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் நுழையாதீர்கள். ஸ்பிரிங்கை மாற்றினால் வால்வைக் கராஜில் சரிபார்க்காமல் பாதையில் இறக்காதீர்கள். இறக்கத்தில் ஆரம்பத்திலேயே கியரைக் குறையுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்க நபியவர்கள் (ஸல்) கற்றுத் தந்தார்கள். நம் வண்டியில் ஏறியவர்கள் நம்மிடம் அமானிதம். காசு மிச்சம் பிடிக்கப்போய் நான் அதை மறந்தேன், நீங்கள் மறந்துவிடாதீர்கள்.