அப்பா பேரில் ஓர் அட்டை

கூண்டில் நிற்கும் மனிதர் பிரான்சில் நன்றாகக் காலூன்றிவிட்டார் என்று நிரூபிக்க வேண்டும். அந்த வழக்கில் எனக்கு இருந்த வேலை அவ்வளவுதான். கையில் பதினோரு ஆவணங்கள், பி1 முதல் பி11 வரை, பிரெஞ்சு மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்புமாக. கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று நம்பி, பன்னிரண்டு மணிக்குப் பக்கத்து கோர்ட்டில் இன்னொரு வாய்தாவையும் வைத்துக்கொண்டிருந்தேன்.

அது 2015 தை மாதம். முந்தைய நவம்பர் மழையில் புதுச்சேரிக் கடற்கரையில் இருந்த மேரி எனும் பழைய நகராட்சிக் கட்டிடம் சரிந்து விழுந்திருந்தது. கடலூர் சாலை நீதிமன்ற வளாகத்தில் டீ குடிக்கும் இடத்தில் இன்னமும் அதே பேச்சு. நான் மனைவியின் வக்கீல். கணவர் மூலக்குளத்துக்காரர். பெயர்களைச் சொல்ல மாட்டேன். ஊர் சின்னது.

ஐ.டி.ஐ. பிட்டர் படித்துவிட்டு மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். சைக்கிளில் பத்து நிமிடத்தில் வேலைக்குப் போய்விடுவார். என் கட்சிக்காரர் பாரிஸுக்கு வடக்கே சார்செலில் வளர்ந்த பெண், பிரெஞ்சுக் குடியுரிமை. 2009 தொடக்கத்தில் வில்லியனூர் சாலையில் ஒரு மண்டபத்தில் தாலி கட்டி, உழவர்கரை நகராட்சியில் பதிவும் செய்தார்கள். அந்த வருஷக் கடைசியில் மாப்பிள்ளை விமானம் ஏறினார். 2013 பிப்ரவரியில் திரும்பி வந்தார், தனியாக. அதே ஆண்டு முடிவில், மனைவி தன்னோடு மூலக்குளத்தில் வந்து வாழ உத்தரவிட வேண்டும் என்று இந்து திருமணச் சட்டம் 9-ஆம் பிரிவில் மனுப் போட்டார். அவளோ அதற்குள் அங்கே விவாகரத்துக்கு விண்ணப்பித்திருந்தாள்.

புதுச்சேரிக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் பின்கதை சொல்ல வேண்டும். 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சு ஆட்சி கைமாறினாலும், அதற்கான ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-இல்தான். இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் தாமாகவே இந்தியர் ஆனார்கள். வேண்டாம், பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைத்தான் எங்கள் ஊரில் இன்றைக்கும் ‘ஒப்சியோன்’ என்கிறார்கள். என் கட்சிக்காரரின் தாத்தா சைகோனில் சேவை செய்த சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைவீரர். எழுதிக் கொடுத்தார். அவருடைய பிள்ளைகள் பிரெஞ்சுக்காரர் ஆனார்கள். மூலக்குளமும் பிரெஞ்சு மண்தான், கணவரின் தாத்தாவும் எழுதிக் கொடுத்திருக்கலாம். "அந்த ஆறு மாசமும் எங்க தாத்தா சம்பா நட்டு அறுத்துக்கினு இருந்தாரு சார்" என்று பின்னாளில் சொன்னார் பேரன். ஒரு போக நெல்லில் இரண்டு குடும்பங்களும் இரண்டு நாடாகிவிட்டன. அரை நூற்றாண்டு கழித்து ஒரு ஜாதகப் பொருத்தம் அவற்றை மறுபடி சேர்த்துவைத்தது.

இனி சட்டம். இந்து திருமணச் சட்டம் இந்தியாவுக்குள் பொருந்தும். வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியாவை நிலையான இருப்பிடமாகக் கொண்ட இந்துக்களுக்கும் பொருந்தும். நிலையான இருப்பிடம் என்பதை நாங்கள் ‘டொமிசைல்’ என்போம். புதுச்சேரியில் அந்தச் சொல்லைக் கேட்டால் ஜனங்களுக்கு சென்டாக் மாணவர் சேர்க்கையில் மருத்துவ சீட்டுக்காகத் தாசில்தார் ஆபீசில் நின்று வாங்கும் சர்ட்டிபிகேட்தான் ஞாபகம் வரும். அது வேறு, இது வேறு. இங்கே கேள்வி, ஒருவர் எங்கே தங்கியிருக்கிறார் என்பதல்ல. எங்கே கடைசிவரை இருக்க நினைக்கிறார் என்பது. நினைப்பை எப்படி நிரூபிப்பது? காகிதத்தால்தான்.

கணவனும் மனைவியும் பிரான்சையே நிலையான இருப்பிடமாக ஏற்றுக்கொண்டவர்கள், ஆகவே இந்த மனு இங்கே நிற்காது என்பது என் பூர்வாங்க ஆட்சேபணை. எதிர்த்தரப்பு சீனியர் அதற்கு எதிராக ஒரு புத்தம்புதிய தீர்ப்பை வைத்திருந்தார். 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்ன சோண்டூர் கோபால் வழக்கு. பெங்களூரில் கல்யாணம், சுவீடன் குடியுரிமை, பிறகு சிட்னி என்று சுற்றிய தம்பதி. மனைவி மும்பையில் வழக்குப் போட, எனக்கு இந்தியா இருப்பிடமே இல்லை என்றார் கணவர். பிறந்த மண்ணின் டொமிசைல் போய்விட்டது என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டது உச்ச நீதிமன்றம். அந்த நிரூபணச் சுமை இப்போது என் தலையில்.

பி1 முதல் பி3 வரை ‘கார்த் த செழூர்’ எனும் வசிப்பிட அட்டையும் அதன் புதுப்பிப்புகளும். பி4 நிரந்தர வேலை ஒப்பந்தம். பிறகு மருத்துவக் காப்பீட்டு அட்டை, வங்கிக் கணக்கு, ரயில் பாஸ், இப்படி. என் துருப்புச் சீட்டு பி9. அங்கே குடியேற வருபவர்கள் அப்போது அரசோடு கையெழுத்திட வேண்டியிருந்த வரவேற்பு, ஒருங்கிணைப்பு ஒப்பந்தம். 2007-இல் கட்டாயமாக்கப்பட்டது. குடியரசின் விழுமியங்களை மதிப்பேன், மொழி கற்பேன் என்று எழுதிக் கொடுப்பது. பதிலுக்கு அரசு அதிகபட்சம் 400 மணி நேரம் இலவசமாக மொழி சொல்லித்தந்தது. அந்த நாட்டோடு ஒட்டி வாழ்வேன் என்று ஒரு மனிதன் கையெழுத்தே போட்டிருக்கிறான், இதைவிட என்ன வேண்டும்?

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"படிச்சுப் பார்த்துத்தானே போட்டீங்க?"

"படிக்கத் தெரியாது சார். படிக்கத் தெரியலைன்னுதானே அந்தக் காகிதமே."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"மொழி வகுப்புக்குப் போனீங்களா?"

"போனேன். தூக்கம் வந்துது."

இந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். இளம் வக்கீல்களுக்கு நான் இன்றைக்கும் சொல்வது இதுதான், ஆனால் அன்று எனக்கே அது தோன்றவில்லை. ஏன் தூக்கம் என்று கேட்டேன். பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்கக் கூடாது என்ற முதல் பாடத்தைத் தாண்டிக் கேட்டேன்.

அவர் சொன்னார். ஆபீஸ்களைத் துடைக்கும் வேலை. ஆட்கள் வருவதற்கு முன் காலை ஐந்து மணிக்கு ஒரு வேளை, அவர்கள் போன பின் மாலை ஆறு மணிக்கு இன்னொரு வேளை. காலை வேலைக்காக மூன்றரைக்கே எழ வேண்டும். நடுவில் உள்ள பகல்தான் வகுப்பும் தூக்கமும். லா தெபான்ஸில் கண்ணாடிக் கட்டிடம், முப்பதாவது மாடி. "அங்க வேலை பாக்கறவங்க யாரையும் மூணு வருஷத்துல ஒரு தடவைகூடப் பாத்ததில்ல சார். அவங்க குப்பைக் கூடைதான் தெரியும். ஒருத்தர் தினம் ஆரஞ்சுப் பழம் சாப்பிடுவாரு."

ஐ.டி.ஐ. சான்றிதழைக் காட்டி லேத் வேலை தேடவில்லையா என்றேன். தேடினாராம். அந்தச் சான்றிதழ் அங்கே எதற்குச் சமம் என்று தெரியாமல் யாரும் எடுக்கவில்லை. எடுத்தாலும் மெஷின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையைப் படிக்கத் தெரிய வேண்டும். "கையில வேலை இருந்துது சார், வாயில மொழி இல்ல."

பி7, அவருடைய ஊழியர் அட்டை. "இதுல இருக்கறது உங்க போட்டோதானே?" ஆமாம். "பேர்?" அவர் பேசவில்லை. மறுபடி கேட்டேன். "எங்க அப்பா பேரு சார்."

இது வெளிநாடு போன தமிழர் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அவர்கள் படிவத்தில் அதற்கான ‘நோம்’ என்ற கட்டம் முதலில் நிற்கும். அப்பா பெயர் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் ஆயுளுக்கும் அதுதான் கூப்பிடும் பெயர். "மேஸ்திரி தினம் காலையில அப்பா பேரைச் சொல்லித்தான் கத்துவான். அப்பா செத்து ஆறு வருஷம் ஆவுது. முதல் மாசம் பூரா திரும்பிப் பாக்கமாட்டேன், யாரையோ கூப்பிடறான்னு நெனச்சுக்குவேன்." கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

என் பன்னிரண்டு மணி வாய்தாவுக்கு ஜூனியரை அனுப்பிவிட்டேன்.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் என் கட்சிக்காரர் ஏதோ கல்நெஞ்சக்காரி என்று தோன்றும். அது நியாயமில்லை. குறுக்கு விசாரணைக்கு முந்தைய வாரம் அவள் தொலைபேசியில் பேசியது என் குறிப்பேட்டில் இருக்கிறது. அங்கே மதிய உணவு இடைவேளை, இங்கே மாலை நாலரை. "அவரு கெட்டவரு இல்ல சார். குடி இல்ல, கை நீட்டல. ஆனா அந்த நாட்டுக்கும் அவருக்கும் நடுவுல நான் ஒருத்திதான் கதவு. டாக்டர்கிட்ட அவரோட வயித்து வலியை நான் சொல்லணும். பேங்க்ல நான் பேசணும். ரயில்ல பைன் போட்டா நான் லெட்டர் எழுதணும். அட்டை புதுப்பிக்க வருஷா வருஷம் லீவு போட்டு, ப்ரெபெக்த்தூர் ஆபீஸ் வாசல்ல விடியக்காலை குளிர்ல வரிசைல நிக்கணும். நான் பொண்டாட்டியா, தரகரா?"

அதே வரிசையைப் பற்றிக் கூண்டில் அவர் சொன்னது வேறு. பிரெஞ்சுக்காரரின் துணை என்ற பேரில் கிடைக்கும் அட்டை அது. சேர்ந்து வாழ்கிறோம் என்று மனைவியும் வந்து எழுதிக் கொடுத்தால்தான் புதுப்பிப்பார்கள். "சண்டை போட்ட மறுநாளும் அவ கையெழுத்து வேணும் சார். நான் அந்த ஊர்ல இருக்கலாமா வேணாமான்னு வருஷத்துக்கொருக்கா அவ எழுதிக் குடுக்கணும். அப்புறம் எப்படி சார் வீட்ல வாயத் தொறக்கறது?"

இரண்டுமே உண்மை. ஒரே வாசலில், ஒரே குளிரில் அடுத்தடுத்து நின்ற இரண்டு பேரின் உண்மை. என் ஆவணப் பட்டியலில் அது பி2, பி3 என்று இருந்தது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றியும் கேட்டேன். நண்பர்கள், கோயில் என்று ஏதாவது கிடைக்காதா என்ற ஆசை. கிடைத்தது. கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா சப்பேல் வட்டாரம், ஈழத்தமிழர் கடைகள், மாணிக்க விநாயகர் கோயில், ஆகஸ்டு கடைசியில் தேர். அங்கே வாராவாரம் போவார். முருங்கைக்காய் வாங்குவார். சரி, ஒரு சமூகத்தோடு ஒட்டியிருக்கிறார் என்று எழுதிக்கொண்டேன். எதிர்த்தரப்பு சீனியர் மறுவிசாரணையில் ஒரே கேள்விதான் கேட்டார்: "அங்கே எந்த மொழியில் பேசுவீர்கள்?"

அவருக்கு இன்னொரு நல்ல வாதமும் இருந்தது. மூன்று வருஷம் முடித்துப் பத்தாண்டு அட்டைக்கு மனுப் போட வேண்டிய தறுவாயில் இவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். நிலைக்க நினைப்பவன் கரை தெரியும்போதா படகைத் திருப்புவான்? அதோடு விட்டிருக்கலாம். கணவனின் டொமிசைலே மனைவிக்கும் டொமிசைல் என்ற பழைய விதியையும் இழுத்தார். அப்படிப் பார்த்தால், தாத்தா காலத்து ஒப்சியோன், பிரெஞ்சுப் பாஸ்போர்ட், சார்செல் வீடு எல்லாம் இருந்தும் என் கட்சிக்காரர் சட்டத்தின் கண்ணில் மூலக்குளத்தில் குடியிருக்கிறாள். நீதிபதி அதை மட்டும் சிரித்தபடி ஒதுக்கினார்.

மார்ச்சில் உத்தரவு வந்தது. என் ஆட்சேபணை தள்ளுபடி. வேலை ஒப்பந்தம் ஒருவர் எங்கே உழைத்தார் என்பதைக் காட்டும், எங்கே வாழ்ந்து முடிக்க எண்ணினார் என்பதைக் காட்டாது என்ற ரீதியில் இருந்தது. மேல்முறையீட்டுக்குக் காரணங்களை யோசித்தபடி அவளுக்குச் சொன்னேன். "வேணாம் சார். அவர் சொன்னதை எல்லாம் எனக்கு அனுப்புங்க" என்றாள். சாட்சியப் பிரதியை அனுப்பினேன். ஒரு வாரம் பதில் இல்லை.

பிரான்சில் அவள் வாங்கும் விவாகரத்துத் தீர்ப்பு இங்கே எடுபடுமா என்ற சிக்கலும் இருந்தது. 1991-இல் நரசிம்ம ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட நிபந்தனைகள்படி, கல்யாணம் நடந்த சட்டத்தில் உள்ள காரணத்துக்காக, இருவரும் மனமொப்பி உட்பட்ட வழக்கில் தரப்பட்டால்தான் பெரும்பாலும் செல்லும். இல்லாவிட்டால் அவர் அங்கே தனி ஆள், இங்கே புருஷன். கடைசியில் இரண்டு குடும்பத்துப் பெரியவர்களும் ரெட்டியார்பாளையத்தில் அவளுடைய சித்தப்பா வீட்டில் உட்கார்ந்தார்கள். ஆகஸ்டு விடுமுறைக்கு அவள் வந்தபோது பரஸ்பர சம்மத மனு. சட்டம் சொல்லும் ஆறு மாதம் கழித்து, 2016 பிப்ரவரியில் இரண்டாவது முறை வந்தாள்.

ஆகஸ்டில் மனுவில் கையெழுத்துப் போட்டதும் அவர் என்னிடம், அதாவது எதிர்க்கட்சி வக்கீலிடம், தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். அங்கே மூன்று வருஷம் சம்பளத்தில் பிடித்த பென்ஷன் பணம் அவ்வளவுதானா? தொழிற்பேட்டையில் பழைய வேலையிலேயே சேர்ந்திருந்தார், பி.எப். பிடிக்கிறார்கள், அந்த ஞாபகம். இந்தியாவுக்கும் பிரான்சுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது, 2011 ஜூலையிலிருந்து நடைமுறையில், இரண்டு நாட்டிலும் கட்டிய காலத்தைச் சேர்த்துப் பார்க்க வழியுண்டு என்றேன். பக்கத்தில் நின்ற அவள் கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எதையோ குறித்துக்கொண்டாள்.

பிப்ரவரியில் நீதிபதி முன் இருவரும் தலையசைத்து வெளியே வந்த பிறகு, வராந்தா பெஞ்சில் அவள் ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள். வேலை செய்த காலத்தின் விவரம் கேட்கும் பிரெஞ்சுப் படிவம். எந்தக் கட்டத்தில் எது என்று சொல்ல அவள் குனிந்தாள். அதற்குள் அவர் என் பேனாவை வாங்கி எழுத ஆரம்பித்திருந்தார். ‘நோம்’ என்ற கட்டத்தில் அப்பா பெயர். அடுத்ததில் தன் பெயர். பிறந்த தேதி, ஊர், வேலை செய்த கம்பெனி, சேர்ந்த நாள், விட்ட நாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. கடைசியில் கையெழுத்துக்கு மேல் இருந்த வரியை வாய்க்குள் படித்துவிட்டுப் போட்டார்.

அவள் படிவத்தை வாங்கி ஒரு தடவை பார்த்தாள். திருத்த ஒன்றும் இல்லை போலிருக்கிறது, மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். நான் பேனாவுக்காகக் காத்திருந்தேன்.