கெராச்சுட் கரையில் ஓர் இரவு

பினாங்கு என்றதும் நம் குடும்பங்களுக்கு நினைவுக்கு வருபவை பெரும்பாலும் ஒரே பட்டியல்தான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை, லிட்டில் இந்தியாவில் சேலைக் கடை, இரவுக்கு நாசி கண்டார், மறுநாள் பத்து பெரிங்கியில் பிள்ளைகளுக்குக் கடல் குளியல், அப்புறம் பாலம் ஏறி வீடு. அதே பத்து பெரிங்கி சாலையில் இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் தெலுக் பஹாங் மீனவர் கிராமம் வரும். கடற்கரைச் சாலை அங்கே முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் காடுதான். ஜார்ஜ்டவுன் படகுத்துறையில் 101 ஆம் எண் பேருந்தில் ஏறினால் அந்தக் காட்டின் வாசலிலேயே இறக்கிவிடுவார்கள்.

பினாங்கு தேசியப் பூங்காவின் வாசல் அது. நிலமும் கடலும் சேர்த்து 2,562 ஹெக்டர். நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. ஆனாலும் இதற்கு ஒரு பெருமை உண்டு. பகாங்கில் உள்ள பெரிய தாமான் நெகாரா 1930களில் மாநிலச் சட்டங்களால் உருவானது. 1980 தேசியப் பூங்காச் சட்டத்தின் கீழ் முதன்முதலாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது இந்தக் குட்டிப் பூங்காதான், 2003 இல். அதற்கு முன்பு இதன் பெயர் பந்தாய் ஆச்சே காப்புக்காடு. பத்து பெரிங்கியில் ஹோட்டல்கள் வரிசையாக எழும்பியதைப் பார்த்தவர்களுக்கு, இந்தக் காடு எப்படித் தப்பித்தது என்பதே ஆச்சரியமாக இருக்கும்.

இந்தப் பூங்காவின் மேற்குக் கரையில் பந்தாய் கெராச்சுட் என்ற கடற்கரை இருக்கிறது. அங்கே கூடாரம் போட்டு இரவு தங்கலாம். மே மாதப் பள்ளி விடுமுறையில் ஓர் இரவு அங்கே தங்குவது என்று நானும் மச்சானும் முடிவு செய்தோம். சொன்னவுடன் வீட்டில் இரண்டு பக்கமிருந்தும் எதிர்ப்பு.

முதல் எதிர்ப்பு என் மனைவியுடையது. "கடற்கரையில ராத்திரியா?" என்றார். அவர் பாலேக் பூலாவ் பக்கத்துக்காரர். 2004 டிசம்பர் 26 அங்குள்ளவர்களுக்கு வெறும் செய்தி அல்ல. அன்று சுனாமியில் மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் இந்த மாநிலத்தில் இறந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போன குடும்பங்கள் அதில் பல. நான் வரைபடத்தை விரித்து, கெராச்சுட்டில் மணலுக்குப் பின்னாலேயே குன்று ஏறுவதையும், அந்தக் குன்றின் மேல்தான் நடைபாதை போவதையும் காட்டினேன். அரை மனதோடு சம்மதித்தார்.

இரண்டாவது எதிர்ப்பு அப்பாவுடையது. அவருக்கு வயது 69. சுங்கைப்பட்டாணி பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். "ஏன்டா, கொசுக்கடி வேணாம், பாம்பு வேணாம்னுதான் உங்கள டவுனுக்குக் கொண்டாந்தேன். இப்ப மெனக்கெட்டுக் காட்டுல போயிப் படுக்கப் போறீங்களா?" என்றார். நம் குடும்பங்கள் ஏன் அதிகம் கூடாரம் போடப் போவதில்லை என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. வசதி இல்லாததால் அல்ல. காட்டோரத்தில் படுப்பது இரண்டு தலைமுறைக்கு முன் பிழைப்பாக இருந்தது. அது எப்படி விடுமுறையாகும்?

ஆனால் பேரப்பிள்ளைகள் கேட்டால் தாத்தாக்கள் என்ன செய்ய முடியும்? வந்தார்.

வாசலில் பதிவு செய்துகொண்டு நடந்தால் முதல் அரை கிலோமீட்டர் கடலோரமாகவே சுலபமாகப் போகிறது. பிறகு பாதை இரண்டாகப் பிரிகிறது. வலப்புறம் போனால் குரங்குக் கடற்கரை எனப்படும் தெலுக் டுயோங். அதற்கும் அப்பால் 1883 இல் கட்டிய முக்கா ஹெட் கலங்கரை விளக்கம். இடப்புறம் ஏறினால் கெராச்சுட். வாசலிலிருந்து மொத்தம் மூன்றரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தூரம் சின்னது என்று நினைக்க வேண்டாம். வேர்களையே படிகளாக வைத்து ஏறவும் இறங்கவும் வேண்டும். மூட்டை முடிச்சோடு போனால் ஒன்றரை மணி நேரம், பிள்ளைகளோடு போனால் இரண்டு மணி நேரம். முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் தெலுக் பஹாங்கில் படகு கிடைக்கும். அப்பாவுக்கும் அத்தைக்கும் படகு பேசியிருந்தோம். அப்பா படகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேரனின் தண்ணீர்ப் போத்தலை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார். அத்தை மட்டும் சாமான்களோடு படகில் போனார்.

வழியில் அவர் வாய் திறந்தது மரங்களுக்காகத்தான். செராயா, மெராந்தி என்று பலகைகளில் எழுதியிருந்ததை என் மகன் படித்துக்கொண்டே வந்தான். ஒரு பெரிய மரத்தடியில் அப்பா நின்றார். "இது ஜெலுத்தோங். இதுலயும் பால் வரும். சுயிங்கம் செய்ய எடுத்துட்டுப் போவாங்க." பலகை எதுவும் இல்லை. நானும் அந்த மரத்தைக் கடந்துதான் போயிருப்பேன்.

குன்றிலிருந்து இறங்கும்போது மரங்களுக்கு நடுவே வெளிச்சம் தெரிகிறது. எல்லோரும் அதைக் கடல் என்றுதான் நினைப்பார்கள். அதுதான் ஏரி. மேலே ஒரு பாலம் போட்டிருக்கிறார்கள். பாலத்தைக் கடந்தால் மணல், மணலைக் கடந்தால் கடல்.

இந்த ஏரி ஒரு வினோதம். பெரும்பாலான ஏரிகளில் காற்றும் குளிரும் தண்ணீரை ஆண்டுக்கு ஒரு முறையாவது மேலும் கீழுமாகப் புரட்டிவிடும். சில ஏரிகளில் அது நடப்பதே இல்லை. அடித்தண்ணீர் அடியிலேயே கிடக்கும். இவற்றை மெரோமிக்டிக் ஏரிகள் என்கிறார்கள். கெராச்சுட்டில் காட்டு ஓடைகள் நல்ல தண்ணீரைக் கொண்டுவருகின்றன. கடல் பொங்கும்போது உப்புத் தண்ணீர் மணல்திட்டைத் தாண்டி உள்ளே வருகிறது. ஒரு லிட்டர் கடல்நீர் நல்ல தண்ணீரைவிட ஏறக்குறைய 25 கிராம் எடை கூடுதல். அதனால் அது கீழே போய்ப் படுத்துக்கொள்கிறது, நல்ல தண்ணீர் மேலே மிதக்கிறது. கோப்பிக் கடையில் மூன்றடுக்குத் தேநீர் கேட்டால் அடியில் குலா மெலாக்கா பாகு, நடுவில் பால், மேலே தேநீர் என்று கலக்காமல் வைப்பார்களே, அதே கணக்குதான். என் ஏழு வயது மகளுக்கு அப்படிச் சொன்னதும் புரிந்துவிட்டது. "அப்ப ஸ்பூன் போட்டுக் கலக்கினா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி.

அந்தக் கேள்விக்கு உலகத்தில் பயங்கரமான ஒரு பதில் உண்டு. ஆப்பிரிக்காவின் கேமரூனில் நியோஸ் என்ற ஆழமான ஏரி. அதன் அடியடுக்கில் எரிமலையிலிருந்து வந்த கரியமில வாயு கரைந்து தேங்கிக் கிடந்தது. 1986 ஆகஸ்ட் 21 இரவு அந்த அடுக்கு திடீரென்று புரண்டது. வெளியேறிய வாயு பள்ளத்தாக்குகளில் இறங்கி ஏறக்குறைய 1,700 பேரைத் தூக்கத்திலேயே கொன்றது. கெராச்சுட்டில் எரிமலையும் இல்லை, ஆழமும் இல்லை, பயப்பட ஒன்றுமில்லை. ஆசியாவிலேயே இப்படி இரண்டே ஏரிகள்தான் என்று சில சுற்றுலாக் குறிப்புகள் சொல்வதும் மிகைதான். ஜப்பானின் காயிகே, சைபீரியாவின் ஷிரா எல்லாம் இந்த வகை ஏரிகளே. பெருமைக்காகப் பொய் சொல்லத் தேவையில்லாத அளவுக்கு இது அழகான இடம்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். படத்தில் பார்த்த ஏரி நேரில் இல்லாமல் போகலாம். மழை மாதங்களில் நிரம்பும். வறண்ட மாதங்களில் ஓடை சுருங்கி, வெறும் சேறும் மணலுமாகக் கிடக்கும். தமிழ்நாட்டில் அடையாற்று முகத்துவாரம் மணல்மேடிட்டு மூடுவதும் மழைவெள்ளத்தில் திறப்பதும் போலத்தான் இதுவும். நாங்கள் போனபோது பாதி நிரம்பியிருந்தது. தண்ணீர் தேயிலைச் சாயம்போலப் பழுப்பு. ஓரத்தில் லேசான கந்தக வாடை. அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டார். உள்ளே அழுகும் இலைதழைகளின் வேலை அது.

கடற்கரை வெள்ளை மணல். பார்த்தவுடன் குதிக்கத் தோன்றும், குதிக்கக்கூடாது. இழுப்பு அதிகம், ஜெல்லி மீன்களும் உண்டு. எச்சரிக்கைப் பலகைகள் வைத்திருக்கிறார்கள். குரங்குகளைப் பற்றி எச்சரிக்கை தேவையே இல்லை, அவையே வந்து அறிமுகம் செய்துகொள்ளும். மச்சான் கூடாரத்தின் ஜிப்பைத் திறந்து முடிப்பதற்குள் ஒரு ரொட்டிப் பொட்டலம் மரத்தில் ஏறிவிட்டது.

கரையின் ஒரு மூலையில் மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு நிலையம் இருக்கிறது, 1995 இலிருந்து. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை பேராமைகள் இங்கே முட்டையிட வருகின்றன. செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை வருவது சென்னைக் கடற்கரையிலும் முட்டையிடும் அதே சிறிய ஆமை. அங்கே அதற்குப் பங்குனி ஆமை என்று பெயர். இங்கே பங்குனிக்கு முன்பே வந்து போய்விடுகிறது! முட்டைகளைப் பணியாளர்கள் எடுத்துவந்து வேலியிட்ட மணலில் புதைக்கிறார்கள். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் குஞ்சு வரும். மணல் சூடாக இருந்தால் பெண், குளிர்ந்திருந்தால் ஆண். நாற்பது வயதைத் தாண்டிய வாசகர்களுக்கு ரந்தாவ் அபாங் ஞாபகம் இருக்கும். 1950களில் அங்கே ஓராண்டில் சுமார் 10,000 முறை தோணி ஆமைகள் கரையேறின. இன்று அநேகமாக ஒன்றுமில்லை. சந்தையில் கூடை கூடையாக முட்டை விற்று வாங்கித் தின்றதற்கு அதில் பெரிய பங்கு உண்டு. திரங்கானுவில் எல்லா ஆமை முட்டை விற்பனைக்கும் தடை வந்தது 2022 இல்தான்.

மாலையில் நிலையத்துப் பணியாளர் ஒருவர் கூடாரம் கூடாரமாக வந்தார். இருட்டியபின் கடல் பக்கம் விளக்கு வேண்டாம், கைப்பேசி வெளிச்சமும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கரையேற வரும் தாய் ஆமை வெளிச்சத்தைப் பார்த்தால் திரும்பிவிடும். குஞ்சுகளோ எங்கே வெளிச்சமோ அங்கேதான் கடல் என்று நம்பி ஓடும்.

சொல்வது சுலபம். எட்டு மணிக்கு என் மகள் அழத் தொடங்கினாள். எங்கள் அடுக்குமாடி வீட்டில் பிள்ளைகள் இப்படி ஒரு இருட்டைப் பார்த்ததே இல்லை. மகன் பெரியவன், அழவில்லை, ஆனால் கைப்பேசியை விடவில்லை. எனக்கும் அந்த இருட்டு அவ்வளவு வசதியாக இல்லை. விளக்கைப் போட்டுவிடலாமா என்று மனைவி கேட்டார்.

அப்பாதான் பாயை எடுத்து மணலில் விரித்தார். "வாங்க, இங்க உக்காருங்க. கண்ண மூடிக்கிட்டு நூறு வரைக்கும் எண்ணுங்க. பாப்பா, நீயும் எண்ணு." எண்ணி முடித்ததும், "இப்ப தொறக்காதீங்க, இன்னொரு நூறு." பிறகு கண் திறந்தபோது அலையின் வெள்ளை விளிம்பு தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மரங்களின் உருவம், ஒருவர் முகம் ஒருவருக்கு.

"இது எப்படித் தாத்தா உங்களுக்குத் தெரியும்?" என்றான் மகன்.

அதற்குப் பிறகு அப்பா சொன்னவை எனக்கே புதியவை. விடியுமுன் பெரட்டுக்கு மணி அடிக்கும். அவர் அம்மா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போவார். பத்து வயதில் அப்பா கூடவே போய் மங்கு துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு ஓடுவார். ஒரு விளக்குதான், அது அம்மாவுக்கு. அடுத்த நிரைக்கு இவர் இருட்டிலேயே போக வேண்டும். பயந்து நின்றபோது அவர் அம்மா சொல்லிக்கொடுத்ததுதான் அந்த எண்ணும் வித்தை. "காடுன்னா எங்களுக்கு வேலைதான். வேலை இல்லாம காட்டுல சும்மா உக்காந்தது இன்னிக்குத்தான் மொதத் தடவ" என்றார். என் மகள் அதற்குள் அவர் மடியில் தூங்கியிருந்தாள். அப்பா அத்தனை ஆண்டுகளில் இதை என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

ஆமையை நாங்கள் பார்க்கவில்லை. காலை ஏழு மணிக்குப் பார்த்தது அதன் தடம். டிராக்டர் டயர் பதிந்ததுபோல, கடலிலிருந்து புதர் வரை ஒன்று, திரும்பிப் போனது ஒன்று. எங்கள் கூடாரங்களிலிருந்து ஐம்பது அடி தூரம்கூட இருக்காது. முட்டைகளை இரவிலேயே வேலிக்குள் மாற்றிவிட்டார்களாம். அப்பா இரண்டு கைகளையும் விரித்து அந்தத் தடத்தின் அகலத்தை அளந்துவிட்டு, அதே அகலத்தைக் கலைக்காமல் கையை விரித்தபடியே வந்து அத்தையிடம் காட்டினார். அத்தை நம்பவில்லை, எழுந்து போய்ப் பார்த்தார்.

அதே கரையில் மினரல் வாட்டர் போத்தல்களும் மேகி பொட்டல உறைகளும் கிடந்தன. கடல் கொண்டுவந்தவை பாதி, கூடாரக்காரர்கள் விட்டுவிட்டுப் போனவை மீதி. ஆமைகள் பிளாஸ்டிக் பையை ஜெல்லி மீன் என்று விழுங்கிச் சாகின்றன. பிள்ளைகள் இரண்டு பை நிறையப் பொறுக்கினார்கள். படகில் ஏற்றிக்கொண்டோம்.

போக நினைப்பவர்களுக்கு: இரவு தங்க முன்கூட்டியே பூங்கா அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும். பள்ளி விடுமுறையில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். கழிப்பறை இருக்கிறது, கடை கிடையாது. குடிதண்ணீர் தலைக்கு மூன்று லிட்டராவது கொண்டுபோங்கள். உணவை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். திரும்பும் படகை முந்திய நாளே உறுதி செய்துகொள்ளுங்கள், கடல் முரண்டு பிடித்தால் படகு வராது, நடக்கத்தான் வேண்டும். ஏரியில் தண்ணீர் பார்க்க ஆசைப்பட்டால், நல்ல மழை பெய்து ஒரு வாரம் கழித்து அலுவலகத்தில் விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.