கூலிக் கணக்கில் சேராத சுவர் கழுவல்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளியில் வீட்டு வெளிச்சுவர்களுக்கு வண்ணம் பூசும் வேலை, ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின் பொங்கலுக்குள் முடித்தாக வேண்டிய அவசரத்தோடு தொடங்கி, மாசிக்குப் பிறகு சற்று நிதானப்பட்டு, கோடை முழுவதும் நீள்வதாகும். அதன் முதற்படியாகிய பழைய பூச்சையும் பாசியையும் அகற்றும் வேலை, நெடுங்காலம் கம்பி பிரஷ், பட்டித் தகடு, உப்புத்தாள் ஆகியவற்றைக் கொண்டு கையாலேயே செய்யப்பட்டு வந்தது. இன்று அதில் ஒரு பகுதியை உயர் அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சும் இயந்திரம் ஏற்றுக்கொண்டுள்ளது.

இவ்வட்டாரத்திற்கு அக்கருவி புதியதன்று. நாமக்கல்லின் லாரிகளும் திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகளும் வந்து நிற்கும் வாட்டர் சர்வீஸ் கொட்டகைகளிலும், கோழிகளை மாற்றியபின் கூண்டுகளைக் கழுவிச் சுண்ணாம்படிக்கும் பண்ணைகளிலும் அது அன்றாடக் கருவியே. சிக்கல் இந்தப் பழக்கத்திலேயே இருக்கிறது. இரும்புச் சட்டத்தில் இறுகிய கிரீஸையும் மண்ணையும் பெயர்க்க நீர்த்தாரையைக் குறுக்கி நெருக்கத்தில் பிடிக்கும் கை, அதே பிடியோடு சுவருக்கு வரும்போது, பழைய பூச்சோடு சேர்த்துச் சாந்தின் மேல்தோலையும் உரித்துவிடுகிறது.

வீட்டு உபயோகத்திற்கான சிறிய மின் இயந்திரங்கள்கூட 100 முதல் 130 பார் வரை அழுத்தம் தருவன. வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 1 பார் என்பதைக் கொண்டு இதன் வலிமையை உணரலாம். அவ்வலிமையை ஆள்வது இயந்திரத்தின் நீர்த்துப்பாக்கி முனையில் செருகப்படும் சிறு குழல்முனையே. பரவலாக வழங்கும் நிற மரபின்படி சிவப்பு முனை நீரைச் சிறிதும் விரியாத ஊசித்தாரையாகவும், மஞ்சள் 15 பாகைக்கும், பச்சை 25 பாகைக்கும், வெள்ளை 40 பாகைக்கும் விரித்தும் வெளியேற்றுகின்றன. வீட்டுச் சுவருக்கு வெள்ளை முனையே தொடக்கம். அதையும் சில அடி தள்ளி நின்று, கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்துப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் மெல்ல நெருங்குவதே முறை. சிவப்பு முனைக்குச் சாந்துச் சுவரில் எந்த வேலையும் இல்லை.

கருங்கல் பூமியின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது என்பதால் முனையின் துளையில் உப்புப் படிந்து தாரை கோணலாவதும் உண்டு. அவ்வாறான நேரத்தில் அழுத்தத்தை வெளியேற்றாமலே முனையை விரலால் தடவிப் பார்ப்பதைவிட ஆபத்தான செயல் இத்தொழிலில் வேறில்லை எனலாம். இத்தாரை தோலைத் துளைத்து அழுக்கு நீரைத் தசைக்குள் செலுத்தவல்லது. வெளியே ஊசி குத்தியது போன்ற புள்ளி மட்டுமே தெரிவதாலும், தொடக்கத்தில் வலி குறைவாக இருக்கக்கூடும் என்பதாலும், மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடரத் தோன்றும். ஆனால் அது உடனடி அறுவைச் சிகிச்சை வேண்டும் காயமாகும். தாமதித்தால் விரலையே இழக்க நேரலாம்.

ஏணியில் நின்று இயந்திரத்தை இயக்குவதும் ஆபத்தானதே. விசையை அழுத்திய கணத்தில் துப்பாக்கி பின்னுக்குத் தள்ளும். ஆகவே தரையில் நின்று நீட்டுக்குழலால் அடிப்பதோ, உறுதியாகக் கட்டிய சாரத்தில் நிற்பதோதான் வழி. மின்கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர், மீட்டர் பெட்டி, குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டி ஆகியவற்றின் மீது தாரை படலாகாது. மூடி வைத்தாலும் நீர் புகும். தாரை மேலிருந்து கீழ்நோக்கியே செல்ல வேண்டும். கீழிருந்து அடித்தால் சன்ஷேடின் அடிப்பகுதியிலும் சன்னல் சட்டத்தின் இடுக்கிலும் நீர் ஏறி, பின்னர் உள்சுவரில் ஓதமாக வெளிப்படும்.

எல்லாச் சுவர்களும் இயந்திரத்தைத் தாங்குவனவும் அல்ல. உள்ளங்கையால் தேய்க்கும்போது மாவாக ஒட்டும் பழைய சுண்ணாம்புச் சுவரையும், மண்சாந்தில் எழுப்பிய ஓட்டு வீட்டுச் சுவரையும் பிரஷ் கொண்டு தேய்ப்பதே நல்லது. பழைய கதவு, கிராதிகளின் எனாமல் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அப்பூச்சைத் தாரையால் சிதறடித்தால் துகள்கள் குழந்தைகள் விளையாடும் முற்றத்து மண்ணில் கலக்கும். ஈரப்படுத்திச் சுரண்டி, அள்ளி அகற்றுவதே தக்கது.

கழுவிய சுவர் உலர வெயில் நாளிலும் இரண்டொரு நாள் வேண்டும். பாலித்தீன் தாளொன்றைச் சுவரில் நான்கு புறமும் ஒட்டி, மறுநாள் அதன் உட்புறம் நீர் கோத்திருக்கிறதா என்று பார்ப்பது எளிய சோதனை.

இந்த உலரும் நாள்களே கூலிக் கணக்கில் இடமில்லாதவை. உரிமையாளரிடம் சதுர அடிக்கு இவ்வளவு எனப் பேசும் கான்ட்ராக்டர், தமக்குரியதை எடுத்துக்கொண்டு குறைந்த விலைக்கு மேஸ்திரியிடம் விட, அவர் நாள்கூலிக்கு ஆள் வைக்கிறார். அளக்கப்படுவது பூசிய பரப்பு மட்டுமே. கழுவலும் காத்திருப்பும் பெயின்டருக்கு வெறும் இழப்பு. ஈரச் சுவரில் பூசிய வண்ணம் அடுத்த மழைக்குள் கொப்பளித்து உரியும்போது பழி பெயின்டர் மீது விழுகிறது, இடைத்தரகருக்கோ மறுபூச்சு ஒப்பந்தம் கிடைக்கிறது. கழுவலுக்குத் தனி விலையும், உலரும் நாளில் உள்வேலையும் முதலிலேயே எழுதிக்கொள்ளும் உரிமையாளர் வீடுகளில் மட்டும், பெயின்டர் அவசரப்படாமல் அந்தப் பாலித்தீன் தாளை ஒட்ட முடிகிறது.