தீவுத்திடல் குதிரையும் நம் வீட்டுப் பட்டாவும்

மனுவோடு தலைமைச் செயலகத்துக்குப் போகும் விவசாயிகள் பலர் சென்னைத் தீவுத்திடல் வழியாகத்தான் போகிறார்கள். அங்கே சாலை நடுவே உயரமான கல் பீடத்தின் மேல் ஒரு வெண்கலக் குதிரை நிற்கிறது. அதன் மேல் அமர்ந்திருப்பவர் சர் தாமஸ் மன்றோ. 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்தவர். நம் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும் பட்டாவுக்கும் இவருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

ஸ்காட்லாந்தில் பிறந்த மன்றோ, 1780-இல் படைப்பிரிவில் சேர்ந்து சென்னை வந்தார். 1792 முதல் 1799 வரை சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகாலில், அலெக்சாண்டர் ரீடின் கீழ் நிலங்களை அளந்து தீர்வை விதிக்கும் வேலை பார்த்தார். இடையில் ஜமீன்தாரோ குத்தகைதாரரோ இல்லாமல், உழுபவன் பெயரிலேயே கணக்கு எழுதி அரசு நேரடியாக வரி வாங்கும் முறை அங்கே வேர் விட்டது. அதுவே ரயத்துவாரி.

பிறகு கடப்பை, பெல்லாரி பகுதிகளுக்குக் கலெக்டரானார். வரிச்சுமை அதிகம் என்று கண்டு, 1807-இல் மேலிடத்துக்கு எழுதினார். எல்லா நிலத்துக்கும் தீர்வையில் 25 சதம் தள்ளுபடி. கிணற்றுப் பாசன நிலத்துக்கு, கிணற்றை விவசாயியே பராமரித்தால், மேலும் 8 சதம். அதாவது 100 ரூபாய் தீர்வை 67 ரூபாயாகும். கிணறு வெட்டுகிறவன் கைப்பணம் போட்டுப் பாடுபடுகிறான் என்பதை உணர்ந்த யோசனை அது. கம்பெனிக்குப் பணம் தேவைப்பட்டதால் அப்போது அது ஏற்கப்படவில்லை. அவரே கவர்னரான பின்புதான் அந்தச் சீமையில் வரி குறைந்தது.

விடைபெறும் முன் அந்த மக்களை ஒருமுறை பார்த்துவிட்டு வரப் புறப்பட்டவர், 1827 ஜூலை 6-இல் கர்னூல் பக்கம் பத்திகொண்டாவில் காலராவால் இறந்தார். செய்தி கேட்டுச் சென்னைவாசிகள் கூட்டம் போட்டார்கள். குழு அமைத்துச் சந்தா திரட்டினார்கள். லண்டனில் சிற்பி சான்ட்ரி செய்த சிலை கப்பலில் வந்து, 1839-இல் நிறுவப்பட்டது. இறந்து 12 ஆண்டு கழித்து!

குதிரைக்குச் சேணமும் இல்லை, கால்மிதியும் இல்லை. சிற்பி மறந்துவிட்டார் என்று ஊரில் கதை உண்டு. ஆனால் அவர் லண்டனில் செய்த நான்காம் ஜார்ஜ் மன்னரின் குதிரைக்கும் இவை இல்லை. மறதியல்ல, அது அவர் பாணி.

நகரத்தார் வெண்கலத்தில் சிலை வைத்தார்கள். ஆந்திரக் கிராமத்தாரோ பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் வைத்தார்கள்.

இதனால் ரயத்துவாரி எல்லாருக்கும் நன்மையாக முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. வரி வசூலில் விவசாயிகளைச் சித்திரவதை செய்தது உண்மையே என்று 1855-இல் விசாரணைக் குழு ஒன்று அறிக்கை கொடுத்தது. உழுத கூலியாளுக்கும் வாரதாரருக்கும் பட்டா கிடைக்கவில்லை. ஆனாலும் நிலத்துக்கு உரியவனின் பெயர் கணக்கில் இருக்க வேண்டும் என்ற வழக்கம் நின்றது.

அந்தப் பெயர் இன்று சரியாக இருக்கிறதா? பல குடும்பங்களில் பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான் கிடக்கிறது. பங்காளிகள் பேசி முடித்தும், எழுதி முடிக்கவில்லை. பயிர்க்கடன், இழப்பீடு என்று அலையும்போதுதான் அது உறைக்கிறது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பத்திரம் ஆகியவற்றை எடுத்து வைத்து, இ-சேவை மையத்திலோ, தாலுகா அலுவலக ஜமாபந்தியிலோ பெயர் மாற்றத்துக்கு மனு கொடுங்கள். மகள்கள், விதவை மருமகள் பங்கையும் விட்டுவிடாதீர்கள். அடுத்த முறை தீவுத்திடலைத் தாண்டும்போது, பையில் இருக்கும் மனுவோடு பட்டாவில் உள்ள பெயரையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.