ஜெபம் பண்ணுங்க, கூடவே 108-க்கும் போன் பண்ணுங்க

1) 12.02.2021. சாத்தூர் பக்கத்துல அச்சங்குளம் பட்டாசு ஆலையில் வெடிவிபத்து. 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எங்க பக்கம் தீக்காய வார்டு வாசலில் எப்பவும் ஒரு ஜெபம் நடக்கும். போதகர் வர நேரமாகும். பக்கத்து வீட்டு அக்கா தலையில் முக்காடு போட்டு முழங்கால்படியிட்டுவிடுவார்.

2) "டாக்டர், இதுக்கெல்லாம் பலன் இருக்கா?"

2006-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு. 1,802 பைபாஸ் நோயாளிகள். முன்பின் தெரியாதவர்கள் தூரத்திலிருந்து ஜெபித்தார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய சிக்கல்கள் குறையவில்லை. மருத்துவனாக இதை மறைக்க மாட்டேன்.

3) ஆனால் அந்த அக்கா தூரத்தில் இல்லை. ஆமென் சொன்ன கையோடு கஞ்சி கொண்டு வருவார், பிள்ளைகளைப் பார்த்துக்குவார், டிரெஸ்ஸிங் வலியில் கையைப் பிடித்துக்குவார். இதை அந்த ஆய்வு அளக்கவில்லை. யாக்கோபு நிருபம் 5-ஆம் அதிகாரமும் ஒருவருக்கொருவர் ஜெபிக்கத்தான் சொல்கிறது. எலியாவே நம்மைப் போன்ற மனுஷன்தான் என்கிறது. பட்டம், பதவி தேவையில்லை.

4) ஒன்றே ஒன்று. இறந்தவர் வீட்டில் போய் "விசுவாசம் பத்தலை"ன்னு சொல்லிடாதீங்க. அது ஆறாத புண். பாதி உடம்பு வெந்தவர் பிழைக்காதது யாருடைய விசுவாசக் குறைவும் இல்லை.

5) தீ பட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். பேனா மை, பற்பசை வேண்டாம். உடனே 108. ஆம்புலன்ஸில் ஏறிக்கிட்டே ஜெபம் பண்ணுங்க. கர்த்தருக்கு அங்கேயும் கேட்கும்.