பெட்டியில் எழுதியிருந்தது 1:76

கொஞ்சம் நீளமான பதிவு. கணிதம் படிப்பிக்கிறவர்கள் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். முடிவில் ஒரு வேலை இருக்கிறது.

எங்கள் பாடசாலையில் கணிதம் படிப்பிப்பது நாங்கள் மூன்று பேர். போன தவணை தரம் 8க்கு அளவிடை பாடம் நடந்தபோது, ஒரு மாணவன் லண்டனிலிருந்து மாமா அனுப்பிய மாதிரி ரயில் ஒன்றைக் கொண்டுவந்தான். அசல் எஞ்சினைப் போலவே நுணுக்கமாகச் செய்தது. பெட்டியில் 1:76 என்று போட்டிருந்தது. நல்ல பாடமாயிற்றே என்று பிள்ளைகளிடமே அளக்கக் கொடுத்தோம்.

இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையில் 16.5 மில்லிமீற்றர். 76ஆல் பெருக்கினால் 1254. ஆனால் பிரித்தானியாவின் உண்மையான பாதை 1435 மில்லிமீற்றர். நம்மட மட்டக்களப்புக் கோச்சிப் பாதை அதைவிட அகலம், 1676. எதனோடும் பொருந்தவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவன் சொன்னான்: "சேர், கம்பனிக்காரன் பிழை விட்டுட்டான்."

அன்றிரவு தேடி வாசித்தோம். பிள்ளை சொன்னது ஏறக்குறைய சரி. உலகில் பரவலாக ஓடும் மாதிரி ரயிலின் அளவிடை 1:87, அதற்கு 16.5 மில்லிமீற்றர் பாதை சரியாகப் பொருந்தும். பிரித்தானிய எஞ்சின்களோ உடம்பில் சிறியவை. அந்தக் கால மோட்டார் அவற்றுக்குள் அடங்கவில்லை. அதனால் எஞ்சினின் உடம்பைப் பெருப்பித்தார்கள், பாதையை அப்படியே விட்டுவிட்டார்கள். சரியாக இருக்க வேண்டுமென்றால் 18.83 மில்லிமீற்றர் வர வேண்டும். இரண்டரை மில்லிமீற்றர்கூட இல்லாத அந்தக் குறையைச் சுமந்துகொண்டுதான் பிரித்தானியாவின் மாதிரி ரயில்கள் பல தலைமுறைகளாக ஓடுகின்றன.

இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எங்களைத் தூங்கவிடாமல் பண்ணியது.

கம்பனிக்கு ஒரு கணக்கு உண்டு. பிளாஸ்ரிக் பாகம் வார்க்க உருக்கு அச்சு வெட்ட வேண்டும். செலவெல்லாம் அந்த அச்சில்தான். அச்சுக்காசு திரும்பி வருமளவுக்கு விற்காது என்று தெரிந்தால், எவ்வளவு கெஞ்சினாலும் செய்யமாட்டான். நூறு பேர் நூறு விதமாகக் கேட்டால் அவன் காதில் விழுவது வெறும் சத்தம்.

பிரித்தானியாவில் ஒரு கூட்டத்தார் 18.2 மில்லிமீற்றர் என்று தங்களுக்குள் ஓர் அளவைத் தீர்மானித்தார்கள். 'ஈஎம்' என்று அதற்குப் பெயர். கடையில் அந்த அளவில் பாதை இல்லை. பல வருடங்களாகக் கையாலேயே கட்டினார்கள், ஒவ்வொரு சிலிப்பர் கட்டையாக. சங்கம் அமைத்தார்கள், அளவுகளை எழுதி வைத்தார்கள். கடைசியில் டெவனிலுள்ள பெக்கோ என்ற தண்டவாளக் கம்பனி அந்த அளவிலேயே அவர்களுக்குப் பாதை செய்து கொடுத்தது. அதை வாங்கி உறுப்பினர்களுக்கு விற்பது சங்கம்தான். கம்பனி பார்த்தது கண்ணீரை அல்ல, தீர்மானமான ஓர் அளவையும் காத்திருக்கும் வாடிக்கையாளர்களையும்.

அமெரிக்காவில் கதை அதற்கும் முந்தியது. ஒரு கம்பனியின் பெட்டி இன்னொரு கம்பனியின் பெட்டியோடு கொழுவாது, ஒருவரின் சக்கரம் இன்னொருவரின் பாதையில் ஓடாது. 1935இல் மில்வாக்கி நகரில் கூடித் தேசிய மாதிரி ரயில் சங்கத்தை ஆரம்பித்தார்கள். அந்தக் கூட்டத்தில் தயாரிப்பாளர்களும் இருந்தார்கள் என்பது முக்கியம். சக்கரத்துக்கும் பாதைக்கும் அளவு நிர்ணயித்து எழுதினார்கள். சரிபார்க்க ஒரு சின்ன உலோகத் தகட்டையும் செய்தார்கள். அதைப் பாதையில் வைத்தால் யாருடைய பொருள் சரி, யாருடையது பிழை என்று வாங்குகிறவனுக்கே தெரிந்துவிடும். சங்கம் சோதித்துச் சான்றும் கொடுக்கும். திட்டத் தேவையில்லை, தகடு பேசும்.

1990களில் ஒரே பாதையில் பல எஞ்சின்களைத் தனித்தனியாக ஓட்டும் டிஜிட்டல் முறை வந்தபோதும் அப்படியே. ஜேர்மனியின் லென்ஸ் நிறுவனத்தின் முறையை அடிப்படையாக எடுத்து அதே சங்கம் பொதுத் தரம் ஒன்றை வெளியிட்டது. இன்று ஒருவரின் கட்டுப்பாட்டுக் கருவியில் இன்னொருவரின் எஞ்சின் ஓடுகிறது.

இப்போது எங்கள் வெட்கக்கேட்டைச் சொல்கிறோம்.

எங்கள் வகுப்பறைச் சுவரில் பின்னங்கள் பற்றிய ஒரு சுவர்ப்படம் தொங்குகிறது. காசு கொடுத்து வாங்கியது. அதன் தமிழ்ப் பதிப்பில் தொகுதியும் பகுதியும் இடம் மாறி அச்சாகியிருக்கிறது. வாங்கி மூன்று வருடம். நாங்கள் செய்தது என்ன? பிழையின் மேல் கடதாசி ஒட்டினோம். ஆசிரியர் ஓய்வறையில் ஏசினோம். வட்ஸ்அப் குழுவில் போட்டுச் சிரித்தோம். பக்கத்துப் பாடசாலையிலும் அதே படம், அதே கடதாசி. கம்பனிக்கு ஒரு கடிதம்? ஒருவரும் எழுதவில்லை.

ஒட்டிய கடதாசி ஒரு மழைக்காலத்தில் கழன்று விழுந்தது. நாங்கள் கவனிக்கவில்லை. தவணைப் பரீட்சையில் ஒரு பெண்பிள்ளை சுவரில் பார்த்தபடியே மாற்றி எழுதியிருந்தாள். அவளுடைய புள்ளியை வெட்டியது நாங்கள்தான். "சேர், சுவத்துல அப்படித்தானே இருக்கு" என்றாள். எங்களிடம் பதில் இருக்கவில்லை. புள்ளியைத் திருப்பிக் கொடுத்தோம். ஆனால் அவள் கேட்ட கேள்வி இன்னும் முடியவில்லை.

விளையாட்டு ரயிலுக்காக வளர்ந்த மனிதர்கள் அளவெடுத்து, கூடி, எழுதிச் சாதித்திருக்கிறார்கள். பிள்ளைகளின் படிப்புக்காக நாம் ஒரு தாள் எழுதவில்லை.

ஆகவே இப்படிச் செய்யப் போகிறோம். அயல் பாடசாலைகளின் கணித ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு திருத்தப் பட்டியல். ஆளுக்கொரு கருத்து வேண்டாம், பாடநூலில் உள்ள கலைச்சொல்தான் அளவுகோல். ஒவ்வொரு பிழைக்கும் படம், சரியான வடிவம். திருத்தி அச்சிட்டால் வருகிற ஜனவரியில் எந்தப் பாடசாலை எத்தனை பிரதி வாங்கும் என்ற எண்ணிக்கை. அதில் அதிபரின் ஒப்பம். ஏசும் வசனம் ஒன்றும் இல்லை.

உங்கள் வகுப்பறையிலும் இந்தப் படம் தொங்கினால், கடதாசியைக் கழற்றி ஒரு போட்டோ எடுத்து எங்களுக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். எத்தனை பிரதி வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கம்பனியின் பெயரைக் கருத்துப் பகுதியில் போட வேண்டாம். முதலில் அவர்களுக்குத் திருத்த ஒரு வாய்ப்புக் கொடுப்போம்.

கடிதம் இம்மாத முடிவில் போகும், இன்ஷா அல்லாஹ். பதில் வந்தாலும் வராவிட்டாலும் இங்கேயே எழுதுவோம்.