நேர்ந்துகொண்ட நகரம்

அக்டோபர் 9, 2024, புதன்

மோன் ரோயால் மலையின் உயரம் 233 மீட்டர்தான். ஆனால் மாண்ட்ரியல் நகரம் தன் பெயரையே அதனிடமிருந்து வாங்கியிருக்கிறது. பேருந்து பாதி மேட்டில் இறக்கிவிட, மீதியை நடந்தோம். இருபுறமும் மேப்பிள் மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாக நின்றன. மேடேறும்போது நான் என் கணவருக்கு ஓரடி பின்னால்தான் நடப்பேன். மூச்சு வாங்கினால் எனக்குக் கேட்க வேண்டும். பைபாஸ் ஆகி மூன்று வருடமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

மேலே கல் பாவிய பெரிய மேடை. கீழே அடுக்குமாடிகள், அவற்றுக்கு அப்பால் செயின்ட் லாரன்ஸ் ஆறு. இங்கே எந்தக் கட்டடமும் இந்த மலையுச்சியைவிட உயரக் கூடாது என்று விதியே இருக்கிறதாம். அண்ணன் மகன் சொன்னான். கோபுரத்துக்கு மேல் வீடு எழும்பக் கூடாது என்று நாகப்பட்டினத்தில் எங்கள் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

மலையின் இன்னொரு பக்கத்தில் 31 மீட்டர் உயர இரும்புச் சிலுவை நிற்கிறது. இது 1924-இல் வைத்தது. இதன் கதையோ ஊரளவு பழையது. 1642-இல் மேசோன்னவ் என்ற பிரெஞ்சுத் தளபதியும் ழான் மான்ஸ் என்ற பெண்மணியும் ஒரு சிறு கூட்டத்தோடு வந்து ஆற்றங்கரையில் கோட்டை கட்டினார்கள். அந்த டிசம்பரில் ஆறு பெருகிக் கோட்டை வாசல் வரைக்கும் வந்துவிட்டது. வெள்ளம் வடிந்தால் மலைமேல் சிலுவை சுமந்துபோய் நடுகிறேன் என்று மேசோன்னவ் நேர்ந்துகொண்டார். வடிந்தது. 1643 ஜனவரி 6-ஆம் தேதி, அந்தக் குளிரில், மரச்சிலுவையைத் தோளில் சுமந்து ஏறினார்.

2021-இல் இவரை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோன பிறகு, வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நானும் ஒன்று நேர்ந்துகொண்டேன். இவரிடம் சொல்லவில்லை. இன்னும் செலுத்தவும் இல்லை.

அக்டோபர் 10, வியாழன்

பழைய மாண்ட்ரியல். தெருமுனைகளில் வண்டியை நிறுத்தச் சொல்லும் சிவப்புப் பலகையில் 'அர்ரே' என்று இருக்கிறது. பிரான்ஸ் நாட்டிலேயே அதில் ஆங்கிலத்தில் 'ஸ்டாப்' என்றுதான் எழுதுவார்களாம். 1977-இல் சட்டம் போட்டுத் தங்கள் மொழியைக் காத்துக்கொண்ட மாகாணம் இது. இவர் அந்தப் பலகையின் கீழ் நின்று படமெடுத்துக்கொண்டார். முப்பத்தோரு வருடம் தமிழாசிரியராக இருந்தவர். அந்தப் படம் அவருக்கு வேண்டும்தான்.

நோத்ர்-தாம் பேராலயத்தின் உட்கூரை கருநீலம், அதில் பொன் நட்சத்திரங்கள். அழகு கண்ணை நிறைக்கிறது. கட்டியவர் ஜேம்ஸ் ஓ'டொனல், அயர்லாந்தில் பிறந்த புராட்டஸ்டன்ட். சாகும் தறுவாயில் கத்தோலிக்கராக மாறி, தான் எழுப்பிய கோயிலுக்கு அடியிலேயே அடக்கமாகியிருக்கிறார்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது துறைமுகத்தை ஒட்டிய சின்னக் கோயில், நோத்ர்-தாம்-த-போன்ஸகூர். இந்த ஊரின் முதல் ஆசிரியையான மார்கரீத் பூர்ழ்வா 17-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயில் தீயில் போய், 1771-இல் மறுபடி கட்டியது. கூரை மேல் மாதா ஆற்றைப் பார்த்துக் கைகளை விரித்து நிற்கிறாள். உள்ளே தலைக்கு மேலே கப்பல்கள்! பாய்மரத்தோடு கூடிய சிறு கப்பல்கள் விளக்குகளாகச் சங்கிலியில் தொங்குகின்றன. கடலில் பிழைத்தவர்கள் நன்றியாகக் கொடுத்தவை.

"வேளாங்கண்ணிங்க இது," என்றேன். புயலில் தப்பிய போர்ச்சுகீசிய மாலுமிகள் வேளாங்கண்ணிக் கரையில் கோயில் கட்டிய கதையை அரைமணி நேரப் பேருந்துத் தொலைவில் இருந்துகொண்டு கேட்டு வளர்ந்தவள் நான். பெரிய பேராலயத்தில் வேடிக்கை பார்த்தேன். இங்கே கை தானாகக் கூம்பிவிட்டது.

அக்டோபர் 11, வெள்ளி

புனித யோசேப்பு ஆலயம். அதே மலையின் இன்னொரு சரிவில், பச்சைக் குவிமாடத்தோடு. எதிரே இருக்கும் கல்லூரியில் வாயில்காப்பாளராக நாற்பது வருடம் இருந்தவர் ஆந்த்ரே சகோதரர். அநாதை; நோஞ்சான்; எழுதப் படிக்க அதிகம் தெரியாது. நோயோடு வருகிறவர்களுக்கு யோசேப்பின் முன் எரியும் விளக்கின் எண்ணெயைத் தடவச் சொல்வாராம். 1904-இல் அவர் எழுப்பிய சின்ன மரக்கோயில்தான் இத்தனைக்கும் விதை. இறந்தது 1937 ஜனவரி 6, மேசோன்னவ் சிலுவை சுமந்த அதே தேதி. 2010-இல் புனிதராக அறிவித்தார்கள். நடக்க முடிந்தவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்கள் சுவரெல்லாம் வரிசையாகத் தொங்குகின்றன. கீழே நூற்றுக்கணக்கான விளக்குகள். அந்த எண்ணெயின் வெதுவெதுப்பு எந்தச் சன்னிதியிலும் இருப்பதுதான்.

வாசலிலிருந்து 283 படிகள். நடுவரிசையில் 99 மரப்படிகள், முழங்காலில் ஏறுகிறவர்களுக்கு மட்டும். அதில் ஓர் அம்மா ஏறிக்கொண்டிருந்தார். சேலைக்கு மேல் கம்பளிக் கோட்டு, நெற்றியில் திருநீறு. ஒவ்வொரு படியிலும் நின்று முணுமுணுத்துவிட்டு அடுத்த படி. பக்கத்துப் படியில் என்னைப் பார்த்ததும், "தமிழோ பிள்ளை? அந்தத் தண்ணிப் போத்தலை ஒருக்கா எடுத்துத் தாங்கோ" என்றார். கொடுத்தேன். யாருக்காக என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்த ஏதோவொன்றுதான் அது.

அக்டோபர் 12, சனி. விஜயதசமி

சம்பந்தி, அதாவது மருமகளின் அப்பா, காரில் வடக்கே லாரன்ஷியன் மலைகளுக்கு அழைத்துப்போனார். யாழ்ப்பாணத்துக்காரர், 1987-இல் இருபத்திரண்டு வயதில் வந்தவர். போகப் போக மலைகள் பற்றி எரிவதுபோல் நிறம் ஏறின. ஏரியில் தலைகீழாக இன்னொரு மலை. இவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

கப்பல் விளக்குகளைப் பற்றிச் சொன்னேன். சம்பந்தி வண்டியின் வேகத்தைக் குறைத்தார். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில், பனிமூட்டத்தில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்துகொண்டிருந்தார்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து ஏற்றிவந்த கப்பல் நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. கஸ் டால்டன் என்ற மீனவர் கண்டு காப்பாற்றினார். அவர்களில் பலர் பிறகு இந்த மாண்ட்ரியலுக்குத்தான் வந்தார்கள். "அந்த மனிசனுக்கு ஒரு கப்பல் விளக்கு ஏத்தலாம், அக்கா," என்றார்.

வால்-மொராங் என்ற சிற்றூரில் சிவானந்த ஆசிரமம். பத்தமடையில் பிறந்த சுவாமி சிவானந்தரின் சீடர் விஷ்ணுதேவானந்தர் நிறுவியது. காட்டுக்குள், மேட்டின் மேல், சுப்பிரமணியருக்கும் ஐயப்பனுக்கும் கோயில். கோடையில் இங்கே தமிழர்கள் காவடி எடுக்கிறார்கள். இன்று ஆளரவமில்லை, காய்ந்த இலைகள் காலடியில் நொறுங்கும் சத்தம் மட்டும்.

"பிள்ளை கரை சேர்ந்தால் காவடி எடுப்பான் எண்டு அம்மா நல்லூரில நேர்ந்தவ," என்றார் சம்பந்தி. "சண்டைக்குள்ள நான் போகேலாமல் போச்சுது. அம்மா தொண்ணூற்றாறில செத்துப் போனா. முருகன் நல்லூரிலயும் இருக்கிறார், இஞ்சையும் இருக்கிறார்தானே. இருவது வருசமா இஞ்சைதான் எடுக்கிறன்." ஒரு நேர்த்திக்கு ஒரு காவடி போதாதா என்று இவர் மெதுவாகக் கேட்டார். "அம்மா பார்க்கேல்லையே, அண்ணை." அதற்குமேல் யாரும் பேசவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

காலையில் ழான்-தலோன் சந்தை. ஆப்பிள், பூசணி, மேப்பிள் பாகு. நாற்பது லிட்டர் மரச்சாறு காய்ச்சினால்தான் ஒரு லிட்டர் பாகு. ஒரு டப்பா வாங்கினோம்.

இரவு இவரிடம் சொல்லிவிட்டேன். வேளாங்கண்ணியில் கோயிலிலிருந்து மாதா குளம் வரைக்கும் மணலில் முழங்காலால் வருகிறேன் என்று நேர்ந்திருக்கிறேன், மூன்று வருடமாகப் பாக்கி என்று. இவர் சாமி கும்பிடுகிறவர் அல்ல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "அன்னிக்கு எத்தனை மணி நேரம் வெளியில உட்கார்ந்திருந்தே?" என்று கேட்டார். ஆறு மணி நேரம் என்றேன்.

"தண்ணி பாட்டில் நான் எடுத்துக்கிட்டுக் கூட வர்றேன்."

21-ஆம் தேதி விமானம். நவம்பர் பிறந்தால் எங்கள் கரையில் மழை பிடித்துக்கொள்ளும். அதற்குள் போக வேண்டும்.